மலையடிவாரத்துச் சாமக்காவலர்கள்

தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில், ஆந்தீசு மலைத்தொடரின் மடியில் பாஞோஸ் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள புனித நீரின் செபமாலை அன்னை பேராலயத்தில் பெரிய ஓவியங்கள் பல உண்டு. தீக்கக்கும் மலையினின்று அன்னை தம் மக்களைக் காத்த வரலாற்றை அவை சொல்லுகின்றன. ஊருக்கு மேலே 5,023 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் பெயர் துங்குராவா.

பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த மலை 1999-இல் விழித்தது. அக்டோபர் மாதத்தில், பாஞோஸிலும் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்த ஏறத்தாழ 25,000 பேரை அரசு வெளியேற்றியது. சாலைகளைப் படைவீரர் அடைத்தனர். அஞ்சிய பெருவெடிப்போ வரவில்லை. பராமரிப்பாரற்றுப் பயிரும் கால்நடையும் அழிந்தன. 2000 சனவரியில் மக்கள் காவலை உடைத்துக்கொண்டு வீடு திரும்பினர். அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அறிவியலார் பொய் சொல்லவில்லை, ஆனால் 'எப்போது?' என்னும் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. உழவனுக்கோ அந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

திரும்பி வந்தவர்களை மீண்டும் விரட்டுவது இயலாது என்று கண்டபின் புதுவழி ஒன்று பிறந்தது. குடிமைப் பாதுகாப்புத் துறையினரும், தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புவியியற்பியல் நிலையத்தாரும் மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் தன்னார்வலரைத் தேடினர். முன்வந்தவருள் பெரும்பாலோர் உழவர். ஊதியம் இல்லை, கையில் ஒரு வானொலிக் கருவி மட்டும். அவர்களை 'விஹியா' என்றழைத்தனர். 'காவலிருப்போர்' என்பது பொருள். விழித்திருத்தலைப் பற்றி நற்செய்தியில் எத்தனையோ முறை வாசித்த நமக்கு அச்சொல் புதிதன்று.

நாள்தோறும் இரவு எட்டு மணிக்கு, குவாதலூப்பே கண்காணிப்பு நிலையத்திலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பர். சாம்பல் விழுந்ததா? என்ன நிறம்? உறுமல் எப்படி? ஓடையில் வெள்ளம் கலங்கி வருகிறதா? நில அதிர்வைக் கருவிகள் அளந்துவிடும். ஆனால் மேகம் மலையை மூடிய இரவில் சாம்பலின் பருமனை உழவன் கையன்றி எது அளக்கும்? மழை பெய்தால் சாம்பல் சேறாகிப் பள்ளத்தாக்கில் பாய்ந்து சாலையை அறுக்கும். காவலர் குரல் வந்தவுடன் போக்குவரத்து நிறுத்தப்படும்.

இவ்விடத்தில் அண்டை நாடான கொலம்பியாவை எண்ணாதிருக்க இயலவில்லை. 1985 நவம்பர் 13 அன்று நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலைச் சேறு அர்மேரோ நகரைப் புதைத்தது. அங்கு மட்டும் 20,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று மாலையில் சாம்பல் விழுந்தபோது, அஞ்ச வேண்டாமென மக்களைத் தேற்றியவருள் அவ்வூர்க் குருவும் ஒருவர். எம்மைப் போன்றவர்தாம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அவ்வரியை வாசிக்கும்போதெல்லாம் எம் கையிலுள்ள ஒலிவாங்கி கனக்கிறது.

துங்குராவாவின் கடும் சோதனை 2006 ஆகஸ்டு 16 இரவில் வந்தது. கனற்புழுதி சரிவுகளில் பாய்ந்தது. ஹுவிவே கிராந்தே என்ற ஊரில் காவலர்கள் அண்டை வீட்டாரைத் தட்டியெழுப்பி வெளியேற்றினர். மலையின் தென்மேற்கே பாலிதாவாவில் சிலர் உயிரிழந்தனர். காவல் முழுமையானது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் 2000-இல் படைவீரரை எதிர்த்த அதே மக்கள், இம்முறை பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதைக் கேட்டு எழுந்து நடந்தார்கள்.

2016-இல் மலை அடங்கியது. அதுவரை அந்த வானொலியில் சாம்பற் செய்தியோடு வேறு செய்திகளும் வந்துகொண்டிருந்தன: சாலை விபத்து, மாடு திருட்டு, அவசரமாக மருத்துவமனை சேரவேண்டிய நோயாளி.