கார்க் கதவில் ஒரு கலிங்கு

ஐப்பசி மாதத்து அடைமழை ஓய்ந்த காலை வேளையில், இரவு முழுவதும் வாசலில் நனைந்து நின்ற காரின் கதவைத் திறக்கும்போது, அந்தக் கதவின் வயிற்றுக்குள்ளே தண்ணீர் சலசலவென்று புரளும் ஓசையைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் நம்மில் அநேகர் இருப்பார்கள். கண்ணாடியை முழுவதும் ஏற்றி வைத்திருந்தும் ஜலம் எந்த வழியாய்ப் புகுந்தது என்று வியந்து, ரப்பர் கெட்டுப்போயிற்று என்று தாமாகவே தீர்மானித்து, கண்ட இடுக்கிலெல்லாம் பசையைப் பூசி அடைத்துவிட்டு, அதனால் சங்கடத்தை இரட்டிப்பாக்கிக் கொண்டவர்களும் உண்டு. கதவுக்குள் ஜலம் புகுவதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. புகுந்த ஜலம் போக வழியின்றித் தங்குவதையே குற்றமாகக் கருத வேண்டும். சாமானியமாகத் தோன்றும் இந்த உண்மைக்குப் பின்னால், வண்டி கட்டும் தொழிலின் நெடிய சரித்திரம் ஒன்று மறைந்திருக்கிறது.

ஓடும் வண்டிக்குக் கண்ணாடி வைக்கும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் குதிரைக் கோச்சுகளில் பரவலாயிற்று. லண்டன் நகரத்துச் சாமுவேல் பீப்ஸ் 1667-ஆம் வருஷத்து நாட்குறிப்பில், பீட்டர்பரோ சீமாட்டி தமது கோச்சில் போகையில், எதிரே வந்த வண்டியிலிருந்த பெண்மணிக்கு வந்தனம் சொல்லும் ஆவலில், ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கியிருப்பதாக எண்ணித் தலையை நீட்டி, அதை உடைத்துவிட்ட வேடிக்கையைக் குறித்து வைத்திருக்கிறார். அந்நாளைய கண்ணாடியின் தெளிவுக்கு மட்டுமன்றி, ஏற்றவும் இறக்கவும் தக்கதாய் அது அமைந்திருந்தது என்பதற்கும் இச்சம்பவம் சாட்சி. கதவின் மரச் சட்டத்துக்குள்ளே ஒரு பை போன்ற இடைவெளியை விட்டு, அதற்குள் கண்ணாடியை இறக்கி, தோல்வாரைப் பிடித்து இழுத்து ஏற்றுவதே கோச்சுத் தச்சர் கண்ட யுக்தி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் ரயில் வண்டிக் கதவுகளும் துளையிட்ட தோல்வாரும் அதை மாட்டப் பித்தளைக் குமிழும் கொண்டு இதே முறையைச் சுவீகரித்துக்கொண்டன. கண்ணாடி இறங்கும் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும்போது மழையும் அவ்வழியே இறங்கத்தானே செய்யும்? கதவுக்குள் ஜலம் புகும் கதை அந்தத் தச்சுப் பட்டறையிலேயே ஆரம்பமாகிவிட்டது.

மோட்டார் வாகனம் பிறந்தபோது இந்தப் பிரச்சினை சிறிது காலம் மறைந்திருந்தது. காரணம், ஆரம்பகாலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கக் கண்ணாடியே கிடையாது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு கம்பெனியின் மாடல்-டி முதலிய வண்டிகளில், மழை தூறினால் ஓட்டுபவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, ஆசனத்தின் அடியில் சுருட்டி வைத்திருக்கும் படுதாக்களை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாய் மாட்டி முடிப்பதற்குள் தாமே நனைந்துபோவது சகஜம். வெளியுலகைக் காண்பதற்காக அப்படுதாக்களில் தைத்திருந்த செல்லுலாய்டுத் தகடு சில வெயில்களைப் பார்த்தவுடனே மஞ்சளித்து வெடித்துவிடும்; எஞ்சிய பார்வையையும் உள்ளே அமர்ந்திருப்போரின் மூச்சுக் காற்று ஆவியாய்ப் படிந்து மறைத்துவிடும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவில் நிலைமை தலைகீழாக மாறியது. எஸ்ஸெக்ஸ் கம்பெனி, மூடிய உடலமைந்த கோச் என்னும் வண்டியை 1,495 டாலருக்கு விற்க முன்வந்து, அதுவரை செல்வந்தருக்கே உரியதாயிருந்த சௌகரியத்தை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. 1920-களின் தொடக்கத்தில் திறந்த வண்டிகளே மிகுதியாயிருந்த அந்நாட்டு வீதிகளில், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மூடிய வண்டிகளே மிகுந்துவிட்டன. தோல்வாருக்குப் பதிலாகக் கைப்பிடியைச் சுழற்றினால் ஏறி இறங்கும் கண்ணாடி வந்தது. ஆனால் கதவின் அமைப்பு கோச்சுத் தச்சன் கொடுத்துச் சென்ற அதே பைதான். அக்காலத்துக் கார் உடல்களில் பெரும்பாலானவை மரச் சட்டத்தின்மேல் இரும்புத் தகடு போர்த்தியவை; ஆகவே உள்ளே இறங்கிய ஈரம் முதலில் மரத்தை உளுக்கச் செய்தது. முழுவதும் எஃகினாலான உடலை எட்வர்டு பட் என்பவர் 1914-ஆம் ஆண்டளவிலேயே டாட்ஜ் வண்டிகளுக்குச் செய்து கொடுத்து வழிகாட்டினார். பின்னர் மற்றவர்களும் மரத்தைக் கைவிட்டபோது, உளுத்தலின் ஸ்தானத்தில் துரு வந்து அமர்ந்தது.

இந்த அனுபவங்களிலிருந்து தொழில்நுட்பர்கள் கற்றுக்கொண்ட பாடம் நம் நாட்டு ஏரி வெட்டியவர்களுக்குப் புதியதன்று. எவ்வளவு உயர்ந்த கரையைப் போட்டாலும், மிகுதி நீர் வழிந்தோடக் கலிங்கு ஒன்று கட்டாத ஏரி ஒரு பெருமழைக்கு நிற்காது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கார்க் கதவும் அவ்வாறே அமைக்கப்பட்டது. கண்ணாடி உள்ளே இறங்கும் வாயின் இரு ஓரங்களிலும், பட்டறைக்காரர்கள் பீடிங் என்று சொல்லும் ரப்பர் அல்லது கம்பளிப் பட்டை கண்ணாடியைத் தழுவி நின்று, மழையின் பெரும்பகுதியை வெளியிலேயே வழித்துத் தள்ளிவிடும். அதையும் மீறி இறங்கும் ஜலம் கண்ணாடியின் முகத்தோடு வழிந்து கதவின் அடிப்பகுதிக்குச் சென்று, அங்கே இட்டிருக்கும் சிறு துவாரங்களின் வழியே தரையில் சொட்டிவிடும். கதவின் உட்புற அட்டைக்குப் பின்னால் முற்காலத்தில் தார்க் காகிதமும், பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் ஒட்டி, அந்த ஈரம் பிரயாணிகளின் பக்கம் கசியாமல் தடுத்தார்கள். பீடிங் கரை, துவாரம் கலிங்கு, தாள் ஊருக்குள் வெள்ளம் வராமல் காக்கும் உள்வரப்பு. இந்த மூன்றில் எது கெட்டாலும் மற்ற இரண்டும் முழுப் பயன் தருவதில்லை.

கரையாகிய ரப்பரின் கதையில் தமிழருக்கும் பங்குண்டு. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தோடு ரப்பரைச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டிராவிட்டால், வெயிலில் உருகிக் குளிரில் உடையும் அந்தப் பாலைக் கொண்டு எந்த இடுக்கையும் அடைத்திருக்க முடியாது. 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த வித்துக்கள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து இலங்கைக்கும், அடுத்த ஆண்டில் சிங்கப்பூருக்கும் கன்றுகளாய் வந்து சேர்ந்தன. மோட்டார் யுகம் பிறந்ததும் மலேயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. விடியற்காலையில் மரம் சீவிப் பால் சேகரித்தவர்களில் மிகப் பலர் கடல் கடந்து சென்ற நம் கூலி ஜனங்கள். அமெரிக்கச் சீமானின் காருக்குள் மழைத்துளி விழாமல் காத்த பட்டையில், கொட்டும் மழையில் லயன் வீட்டுக் கூரை ஒழுகப் படுத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் உழைப்பும் கலந்திருந்திருக்கலாம். ஆயினும் இயற்கை ரப்பர் வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் நாளடைவில் வெடிப்பு விடுவது. ஆகையால் டூபான்ட் கம்பெனி 1931-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நியோப்ரீன் முதற்கொண்டு, 1960-களில் வழக்குக்கு வந்த ஈபிடிஎம் வரையிலான செயற்கை ரப்பர்கள் சிறிது சிறிதாக அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

மழை வராத நாளிலும் கண்ணாடியைச் சுற்றி ஈரம் நிற்கும் விந்தைக்குக் காரணம் வேறு. பனித்துளி வானத்திலிருந்து பொழிகிறது என்று நெடுங்காலம் ஜனங்கள் நம்பிவந்தார்கள். லண்டனில் வைத்தியம் செய்துவந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் 1814-இல் வெளியிட்ட நூலில், இரவில் வெப்பத்தை இழந்து குளிர்ந்த பொருள்களின்மேல் அருகிலுள்ள காற்றின் ஈரமே திரண்டு பனியாகிறது என்று நிரூபித்தார். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்குமேல் தாங்காது. எஞ்சியது துளியாய் வெளிப்பட்டே தீரும். குளிர்தேசத்தில் மூடிய காருக்குள் நாலு பேர் அமர்ந்து மூச்சுவிட்டால், அந்த ஆவி சில்லிட்ட கண்ணாடியின் உட்புறத்தில் படிவது இந்த நியதியினால்தான். இதற்குப் பரிகாரமாக 1933-ஆம் வருஷத்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், தனியே திருகித் திறக்கும் சிறு முக்கோணக் கண்ணாடி இடம்பெற்றது; மழை உள்ளே தெறிக்காமல் ஈரக்காற்றை வெளியே இழுத்துவிடும் யுக்தி அது. 1938-இல் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றையே சூடாக்கி உள்ளே செலுத்தும் ஏற்பாட்டைச் செய்தது. ஈரத்தைச் சிறைப்படுத்தாமல் வெளியேற வழிவிடுவதே இவ்விரண்டிலும் அடங்கிய தத்துவம்.

அந்த முக்கோணக் கண்ணாடியை நம்மவர்கள் பெரும்பாலும் அறிந்தது அம்பாசிடர் காரில். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரான அவ்வண்டியில் கார்த்திகை மழைக்காலத்தில் பிரயாணம் செய்தவர்கள், டிரைவர் அச்சிறு கண்ணாடியைச் சற்றே திருப்பிவிட்டு, மஞ்சள் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டிய காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் குளிர்சாதனம் பரவியது. ஜன்னல்கள் மூடியே கிடந்தன. முக்கோணக் கண்ணாடியும் புது வண்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. அதனோடு ஈரமும் இடம் மாறியது. சென்னையின் கடற்காற்றில், உள்ளே குளிர்ந்த காரின் கண்ணாடிமேல் ஆவி படிவது பெரும்பாலும் வெளிப்புறத்தில். குளிர்தேசத்து வழக்கப்படி உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருப்பவர், கை வலிப்பதைத் தவிர வேறு பலன் காணமாட்டார். குளிரைச் சற்றுக் குறைப்பதும், வெளியே வைப்பரை ஓட்டுவதுமே அங்கே உதவும்.

இத்தனை தலைமுறை அனுபவம் சேர்ந்து சமைத்த கதவை இன்று கெடுப்பவை இரண்டே. ஒலிபெருக்கி பொருத்தவோ, கண்ணாடி ஏற்றும் மெஷினைப் பழுதுபார்க்கவோ கதவின் அட்டையைக் கழற்றுபவர், உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு, வேண்டாத குப்பையென்று எறிந்துவிடுவது ஒன்று. அன்று முதல் காலடி விரிப்பு நனைகிறது, நனைந்த விரிப்பின் ஆவி கண்ணாடியில் படிகிறது, உடையவர் காரணம் தெரியாமல் தவிக்கிறார். வேப்பமரத்து நிழலில் நிறுத்திய வண்டியின் பீடிங் இடுக்கில் விழும் இலையும் பூவும் புழுதியோடு சேர்ந்து, கதவின் அடியிலுள்ள துவாரங்களைத் தூர்த்துவிடுவது மற்றொன்று. அப்பால் அந்தக் கதவு கலிங்கு அடைபட்ட ஏரிதான். டிங்கரிங் பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளின் கதவுகள் அடிவிளிம்பிலிருந்தே துருப்பிடித்து மேலேறியிருப்பதைப் பார்த்தால் இதன் உண்மை விளங்கும்.

ஏரிக்குத் தூர் எடுப்பதுபோல இதற்கும் பருவம் உண்டு. ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள், காரின் நாலு கதவுகளையும் திறந்து வைத்து, அடிவிளிம்பைக் குனிந்து பார்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தென்னை ஈர்க்கை மெல்ல நுழைத்து எடுத்தாற் போதும். அதற்கு ஆகும் நேரம் கால்மணிக்கு மேல் இல்லை, செலவும் இல்லை.