செவிலியரின் அற உளைச்சலும் பணியிடக் கொடுமையும்

நோயாளிக்குச் செய்யவேண்டியது இன்னதென்று தெரிந்திருந்தும், ஆள்பற்றாக்குறையோ மேலிடத்து அழுத்தமோ அதைச் செய்யவிடாதபோது செவிலியர் படும் வேதனை அற உளைச்சல் எனப்படுகிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன், செவிலிய அறவியல் குறித்த தம் 1984ஆம் ஆண்டு நூலில் இதை வரையறுத்தார். எது சரி என்று தெரியாத குழப்பம் இதில் சேராது. சரியானது தெரியும், அதைச் செய்யத்தான் வழியில்லை.

பணியிடக் கொடுமை என்பது ஒருவரைத் திரும்பத் திரும்பக் குறிவைப்பது. எல்லார் முன்னும் மட்டம்தட்டுதல், தகவலை மறைத்தல், பேசாமல் ஒதுக்குதல், டூட்டிப் பட்டியலில் பழிவாங்குதல் எனப் பல வடிவங்களில் இது நடக்கும். என்றோ ஒருநாள் கோபத்தில் கத்தியதை ஆய்வாளர்கள் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. 1980களில் சுவீடனில் உளவியலாளர் ஹெய்ன்ஸ் லேமன் செய்த ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. அந்நாடு 1993இல் இதற்கெனத் தனி விதிமுறையே கொண்டுவந்தது. மருத்துவருக்கும் நிர்வாகத்துக்கும் கீழே அடங்கிக் கிடக்கும் செவிலியர்கள் அந்தக் கசப்பைத் தம்மவர் மீதே காட்டுகிறார்கள் என்று 1983இல் செவிலியத் துறை ஆய்வாளர் சூசன் ராபர்ட்ஸ் விளக்கினார். விளக்கம் பொருந்துகிறது, ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் விதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் வெட்டவெளிச்சமானது. 2006–07இல் அதன் நிர்வாகம் சுமார் 1 கோடி பவுண்ட் மிச்சம்பிடிக்க முனைந்து பணியிடங்களைக் குறைத்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்கவேண்டும் என்ற அரசின் இலக்கோ அப்படியே இருந்தது. இலக்கு தவறும் என்றால் நேரத்தை மாற்றி எழுதுமாறு பொறுப்புச் செவிலியர்கள் கட்டாயப்படுத்தியதாக அங்கு பணியாற்றிய செவிலியர் ஹெலீன் டானலி, அம்மருத்துவமனை குறித்த பொது விசாரணையில் சாட்சியம் அளித்தார். அவர் புகார் செய்த பின் உடன் வேலை பார்த்தவர்களே அவரை மிரட்டினர். இரவில் பணி முடிந்து காருக்குத் தனியே நடக்க அஞ்சி, வீட்டாரைத் துணைக்கு அழைக்கும் நிலை வந்தது. பொய்க்கணக்கு எழுத மனமில்லாதவர்கள் வாய் திறக்காமல் இருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான அந்த விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் அறிக்கை தந்தது. அவரே 2015இல் அளித்த மற்றோர் அறிக்கையைத் தொடர்ந்து, ஊழியர் அச்சமின்றி முறையிடுவதற்கென அரசு மருத்துவமனை அமைப்புகளில் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முறையீட்டைக் கேட்க ஆள் வந்தாயிற்று. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்ற சட்ட வரம்பு மட்டும் இங்கிலாந்தில் இல்லை.