அடுத்து எந்தப் படம்? - சிபாரிசு செய்யக் கற்றுக்கொண்ட இயந்திரத்தின் வரலாறு

ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே அரைமணி நேரம் ஓடிவிடுகிறது. இது இன்று எல்லா வீடுகளிலும் நடக்கும் கதை. திரையில் வரிசை வரிசையாகப் படங்கள். "உங்களுக்காக" என்று ஒரு வரிசை. "இதைப் பார்த்ததால் இதையும் பாருங்கள்" என்று இன்னொரு வரிசை. இவற்றை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒருவருக்கு இதுதான் பிடிக்கும் என்று ஒரு கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது? இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் பத்து லட்சம் டாலர் பரிசு உண்டு, இருபது நிமிட வித்தியாசத்தில் தோற்ற ஒரு அணி உண்டு, நீதிமன்றத்துக்குப் போன ஒரு தாயும் உண்டு.

கூட்டத்தைக் கேட்டுச் சொல்லும் முறை

வீடியோ கேசட் கடைகள் இருந்த காலத்தில் சிபாரிசு செய்யும் வேலையைக் கடைக்காரரே பார்த்துக்கொண்டார். வாடிக்கையாளர் சென்ற வாரம் எதை எடுத்துப் போனார் என்பது அவருக்கு நினைவிருக்கும். இந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்ற யோசனை 1990களின் தொடக்கத்தில் வந்தது. 1992ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 'டேப்ஸ்ட்ரி' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குவியும் மின்னஞ்சல்களில் எது படிக்கத் தகுந்தது என்பதை மற்றவர்களின் கருத்தை வைத்துப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. 1994ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் 'குரூப்லென்ஸ்' இதையே இணையச் செய்திக் குழுக்களுக்குச் செய்தது. அதே வருடம் எம்.ஐ.டி.யில் 'ரிங்கோ' என்ற அமைப்பு இசைத்தட்டுகளைச் சிபாரிசு செய்தது.

இவற்றின் அடிப்படை மிக எளிது. இரண்டு பேர் இருபது படங்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தோராவது படத்தை ஒருவர் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். அப்படியானால் இன்னொருவருக்கும் அது பிடிக்க வாய்ப்பு அதிகம். படத்தின் கதை என்ன, நடிகர் யார் என்பதெல்லாம் கணினிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. யாருடைய ரசனை யாருடைய ரசனையோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்தால் போதும்.

திரைப்படங்களுக்கு இதைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் 'டெக்' கணினி நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அவர்கள் நடத்திய 'ஈச்மூவி' என்ற தளம் 1997ல் மூடப்பட்டபோது அதில் சேர்ந்திருந்த மதிப்பெண்கள் மட்டும் 28 லட்சம். அவற்றை விதைநெல்லாக வைத்து மின்னசோட்டாக்காரர்கள் அதே வருடம் 'மூவிலென்ஸ்' தளத்தைத் தொடங்கினார்கள்.

சரக்கு இருப்புப் பிரச்சினை

அந்த 1997ஆம் வருடம்தான் ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1998 ஏப்ரலில் அதன் இணையத்தளம் திறந்தது. அப்போது அவர்களிடம் இருந்தவை சுமார் 925 படங்கள்தான். டிவிடியைத் தபாலில் அனுப்புவது, பார்த்து முடித்ததும் தபாலிலேயே திரும்பப் பெறுவது, இதுதான் தொழில். 1999ல் மாதச் சந்தா முறை வந்தது.

இங்கே ஒரு வியாபாரச் சிக்கல் எழுந்தது. புதிதாக வந்த வெற்றிப் படத்தை எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான பிரதிகள் வாங்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதைக் கேட்க ஆள் இருக்காது. போட்ட முதல் அலமாரியில் முடங்கிவிடும். அதே நேரத்தில் நல்ல பழைய படங்கள் கேட்பாரற்றுக் கிடக்கும். வாடிக்கையாளரின் கவனத்தைப் புதுப்படத்திலிருந்து அலமாரியில் இருக்கும் படத்தின் பக்கம் திருப்பினால் இரண்டு பக்கமும் லாபம். இதற்காக 2000ஆம் ஆண்டில் 'சினிமேட்ச்' என்ற சிபாரிசு மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். கையிருப்பில் இல்லாத படத்தை முன்னால் காட்டாமல் இருப்பதும் அதன் வேலைகளில் ஒன்று!

ஆக, சிபாரிசு என்பது ஆரம்பத்திலிருந்தே ரசிகனுக்கான சேவை மட்டும் அல்ல, கிடங்கை நிர்வகிக்கும் உத்தியும்கூட. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தவை புரியாது.

பத்து சதவீதத்துக்குப் பத்து லட்சம்

சில வருடங்களில் சினிமேட்ச் அதற்கு மேல் முன்னேறாமல் நின்றது. 2006 அக்டோபர் 2ம் தேதி நெட்ஃப்ளிக்ஸ் உலகம் முழுவதற்கும் ஒரு போட்டியை அறிவித்தது. சினிமேட்ச்சைவிட 10 சதவீதம் துல்லியமாகக் கணிக்கும் மென்பொருளை உருவாக்குபவருக்குப் பத்து லட்சம் டாலர். இலக்கை யாரும் தொடும்வரை, முன்னணியில் இருக்கும் அணிக்கு வருடந்தோறும் 50,000 டாலர் ஊக்கப் பரிசு.

பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்ட தகவல் தொகுப்பு அதுவரை ஆய்வுலகம் பார்த்திராத அளவு. 4,80,189 வாடிக்கையாளர்கள், 17,770 படங்கள், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள். பெயர்கள் நீக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டும் தரப்பட்டிருந்தது.

துல்லியத்தை எப்படி அளந்தார்கள்? ஒருவர் 4 நட்சத்திரம் போட்ட படத்துக்குக் கணினி 3 என்று கணித்தால் பிழை 1. எல்லாப் பிழைகளையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் வருவதுதான் மதிப்பீடு. சினிமேட்ச்சின் பிழை 0.9525. போட்டியின் இலக்கு 0.8572. வித்தியாசம் ஒரு நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குத்தான் மூன்று வருடம் பிடித்தது!

ஆறே நாட்களில் ஓர் அணி சினிமேட்ச்சை முந்தியது. அதே வருடம் டிசம்பரில் சைமன் ஃபங்க் என்ற புனைபெயரில் கலந்துகொண்ட ஒருவர், தான் பட்டியலில் முன்வரிசையில் இருந்தபோதே தன் வழிமுறையை வெளிப்படையாக எழுதிவிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் சில மறைவான குணங்கள் உண்டு, ஒவ்வொரு ரசிகருக்கும் அந்தக் குணங்களின் மேல் ஒரு சாய்வு உண்டு, இரண்டையும் மதிப்பெண்களிலிருந்தே கணினி கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். பரிசுக்காகப் போட்டியிடுபவர் ரகசியத்தைச் சொல்லிவிட்டதால் எல்லா அணிகளும் அதையே அடித்தளமாகக் கொண்டன.

2007ல் ஏ.டி.&டி. ஆய்வுக்கூடத்தின் 'பெல்கோர்' அணி 8.43 சதவீதத்தை எட்டியது. அடுத்த வருடம் ஆஸ்திரியாவின் 'பிக்கேயாஸ்' அணியுடன் சேர்ந்து 9.44 சதவீதம். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கடினமாக இருந்தது. 'நெப்போலியன் டைனமைட்' என்ற 2004ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம் மட்டும் எல்லோரையும் படாதபாடு படுத்தியது. பார்த்தவர்கள் ஒன்று ஐந்து கொடுத்தார்கள், இல்லையென்றால் ஒன்று கொடுத்தார்கள். மற்ற படங்களில் அவர்கள் போட்ட மதிப்பெண்களை வைத்து இதைக் கணிக்கவே முடியவில்லை.

2009ல் கனடாவைச் சேர்ந்த இருவரும் சேர்ந்துகொள்ள, அந்தக் கூட்டணி 'பெல்கோர்'ஸ் பிராக்மாடிக் கேயாஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு ஜூன் 26ல் 10.05 சதவீதத்தைத் தொட்டது. விதிப்படி மற்றவர்களுக்கு இன்னும் 30 நாள் அவகாசம். தோற்றுக்கொண்டிருந்த பல அணிகள் ஒன்றுசேர்ந்து 'தி என்செம்பிள்' என்ற அணியை அமைத்தன. ஜூலை 26, கடைசி நாள். முதல் அணி தன் இறுதி விடையைக் கொடுத்தது. அதற்கு 20 நிமிடம் கழித்து, நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, இரண்டாவது அணியும் கொடுத்தது. ரகசியமாக வைக்கப்பட்டிருந்த தேர்வுத் தொகுப்பில் திருத்திப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பிழை, 0.8567. முதலில் கொடுத்தவருக்கே பரிசு என்பது விதி. இருபது நிமிடத்துக்கு விலை பத்து லட்சம் டாலர்!

எட்டுப் படங்கள் போதும்

எல்லோரும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் அந்தத் தகவல் தொகுப்பையே சந்தேகத்துடன் பார்த்தார்கள். ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டுப் போன அர்விந்த் நாராயணன், மற்றவர் அவருடைய பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவ். போட்டி தொடங்கிய அதே அக்டோபர் மாதத்திலேயே தங்கள் முதல் கட்டுரையை வெளியிட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? கிடைத்த விடை அதிர்ச்சியானது. ஒருவர் பார்த்த எட்டுப் படங்களுக்கு அவர் போட்ட மதிப்பெண்ணும், இரண்டு வாரம் முன்பின்னாக அதைப் போட்ட தேதியும் தெரிந்தால், அவற்றில் இரண்டு முழுத் தவறாகவே இருந்தாலும்கூட, அந்த ஐந்து லட்சம் பேரில் 99 சதவீதத்தினரைத் தனியாக அடையாளம் காணலாம். நண்பர்களுடன் பேசும்போது தெரியவரும் தகவல்தானே இது? ஐ.எம்.டி.பி. தளத்தில் வெளிப்படையாக எழுதிய சில டஜன் பேரின் மதிப்பெண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டே, இரண்டு பேரை அந்த எண்களுக்குள்ளிருந்து அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

'படம் பார்த்ததுதானே, தெரிந்தால் என்ன?' என்று கேட்கலாம். அமெரிக்கர்கள் இந்தக் கேள்விக்கு 1988லேயே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1987ல் உச்சநீதிமன்ற நீதிபதி பதவிக்கு ராபர்ட் போர்க் பரிந்துரைக்கப்பட்டபோது, வாஷிங்டனின் வாரப் பத்திரிகை ஒன்று அவர் வீட்டினர் வாடகைக்கு எடுத்த 146 வீடியோக்களின் பட்டியலைக் கடையிலிருந்து வாங்கிப் பிரசுரித்தது. அதில் தவறாக எதுவும் இல்லை. ஆனாலும் அரசியல்வாதிகளுக்குத் தங்கள் பட்டியலும் வெளியே வரலாம் என்ற பயம் வந்துவிட்டது. மறுவருடமே, யார் என்ன வீடியோ எடுத்தார் என்பதை வெளியிட்டால் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு என்று சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2009 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் மேல் வழக்கு போடப்பட்டது. போட்டவர்களில் ஒருவர் தன் பெயரை மறைத்துக்கொண்ட ஒரு தாய். அவர் தன்பாலீர்ப்பு கொண்டவர், அதை வெளியில் சொல்லாதவர். தான் பார்த்த படங்களின் பட்டியலிலிருந்து அது வெளிப்பட்டால் பிழைப்பும் போகும், பிள்ளைகளின் நிம்மதியும் போகும் என்பது அவருடைய மனு. அந்த நேரத்தில் நெட்ஃப்ளிக்ஸ் இரண்டாவது போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் வாடிக்கையாளரின் வயது, பாலினம், வசிக்கும் பகுதியின் அஞ்சல் குறியீடு ஆகியவற்றையும் கொடுப்பதாக இருந்தது. அரசின் வர்த்தக ஆணையமும் கேள்வி எழுப்பியது. 2010 மார்ச்சில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இரண்டாவது போட்டி கைவிடப்பட்டது.

பரிசு வாங்கியது பயன்பட்டதா?

சுவையான விஷயம் என்னவென்றால், பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய இறுதி விடையை நெட்ஃப்ளிக்ஸ் அப்படியே பயன்படுத்தவில்லை. 2007ல் கிடைத்த இரண்டு வழிமுறைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. கடைசியாகக் கிடைத்த சிறிய முன்னேற்றம், அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் செலவுக்கு ஈடாகவில்லை என்று 2012ல் அந்நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதினார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. 2007 ஜனவரியில் இணையம் வழியாக நேரடியாகப் படம் காட்டும் சேவை தொடங்கியிருந்தது. டிவிடி காலத்தில் படம் வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதனால் யோசித்துக் கேட்டார்கள், பார்த்தபின் நட்சத்திரம் போட்டார்கள். இப்போதோ பிடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடலாம். எங்கே நிறுத்தினார், எத்தனை மணிக்குப் பார்த்தார், எதைப் பாதியில் விட்டார் என்பதெல்லாம் நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லின. ஒருவர் மதிக்கும் படம் வேறு, களைத்துப்போன இரவில் அவர் பார்க்கும் படம் வேறு அல்லவா! 2017ல் நட்சத்திரமே எடுக்கப்பட்டு, கட்டைவிரல் குறி மட்டும் வந்தது.

2015ல் நெட்ஃப்ளிக்ஸ் அதிகாரிகள் எழுதிய கட்டுரை ஒன்றில் சில கணக்குகள் உள்ளன. ஒரு ரசிகர் 60 முதல் 90 வினாடிகளுக்குள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் ஆர்வம் இழந்துவிடுகிறார். அதற்குள் அவர் பார்ப்பது 10 முதல் 20 தலைப்புகள். பார்க்கப்படும் நேரத்தில் 80 சதவீதம் சிபாரிசு மூலமாக வருகிறது, தேடிப் பார்ப்பது 20 சதவீதம்தான். சந்தாவை ரத்துசெய்து போகாமல் ஆட்களைப் பிடித்துவைப்பதால் இதன் மதிப்பு வருடத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல்.

கடைக்காரரே தயாரிப்பாளர் ஆனபோது

2013லிருந்து நெட்ஃப்ளிக்ஸ் தன் சொந்தத் தொடர்களையும் வெளியிடுகிறது. சரக்கை அடுக்குபவரும் சரக்கைத் தயாரிப்பவரும் ஒருவரே. 2000ல் அலமாரியில் தேங்கிய டிவிடியை நகர்த்துவதற்காகப் பிறந்த சிபாரிசு, இன்று எந்த அலமாரியை நகர்த்துகிறது என்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் தபால் டிவிடி சேவையும் நிறுத்தப்பட்டுவிட்டது.

இதற்காகச் சிபாரிசே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் இருந்தால் கேட்பாரற்றுக் கிடந்த பல நல்ல படங்கள் அப்படியே கிடந்திருக்கும். ஆனால் ரசிகரின் கையிலும் சில விஷயங்கள் உண்டு. கணக்கு அமைப்பில் 'பார்த்தவை' பட்டியலைத் திறந்தால் வேண்டாதவற்றை மறைக்கலாம், அவை சிபாரிசுக் கணக்கிலிருந்து விலகிவிடும். வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனிப் பெயரில் பார்த்தால் குழந்தையின் கார்ட்டூனும் தாத்தாவின் துப்பறியும் படமும் குழம்பாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 20 சதவீதம் இருக்கிறது. பெயரைத் தட்டெழுதித் தேடும் பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நல்ல படம் பார்த்த நண்பரிடம் ஒரு பெயரைக் கேட்டு அதில் எழுதிப் பார்க்கலாம்.