கிராம சுகாதாரச் செவிலியர்

கிராம சுகாதாரச் செவிலியர் தமிழ்நாடு அரசின் பொது சுகாதாரத் துறையில் துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பாளர். அலுவலகக் கோப்புகளில் வி.எச்.என்.; ஊர் மக்களுக்கு நர்ஸம்மா. கர்ப்பிணிகளைப் பதிவு செய்தல், பேறுகாலக் கவனிப்பு, தடுப்பூசி, குடும்பநலம் ஆகியவை இவரது முதன்மைப் பணிகள். தமிழ்நாட்டில் 8,700க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது கணக்கு.

வரலாறு

சென்னையில் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையாக வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இல் வந்தது. ஆனாலும் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பரம்பரை மருத்துவச்சிகளே.

விடுதலைக்குப் பிறகு துணைச் செவிலியர் பயிற்சி (ஏ.என்.எம்.) நாடெங்கும் பரவியது. துணைச் செவிலியரைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் ஆக்கலாம் என்று கர்தார் சிங் குழு 1973இல் பரிந்துரைத்தது. பிரசவம் மட்டும் பார்த்தவர் தடுப்பூசி, காய்ச்சல் கணக்கெடுப்பு, குடிநீர் என்று ஊரின் உடல்நலம் முழுவதையும் கவனிக்கும் கிராம சுகாதாரச் செவிலியரானார். இப்பணிக்கு வந்தவர்களில் கணிசமானோர் கிராமத்தில் பிறந்து வளர்ந்த பெண்கள். பல வீடுகளில் அரசுச் சம்பளம் வாங்கிய முதல் பெண்ணும் இவர்களே.

அன்றாடப் பணி

தமிழ்நாட்டில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கும் புதன்கிழமை தடுப்பூசிக்கும் உரியவை. புதன் காலை ஐஸ் பேக் அடுக்கிய வேக்சின் கேரியரோடு செவிலியர் கிளம்புவார். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். குப்பியின் லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைப் போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். குழந்தைக்கு ஊசி போட்டதும் அரை மணி நேரம் தாயை உட்காரவைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்.

மற்ற நாட்களில் வீடு வீடாகப் போக வேண்டும். யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, யாருக்கு ரத்தசோகை, யார் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி விழுங்காமல் பரணில் போட்டிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி (2018 முதல், ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய்) தாய்மாருக்குக் கிடைப்பதற்கு அவரது பதிவே அடிப்படை. பெண் சிசுக்கொலை நடந்த பகுதிகளில், ஏற்கெனவே பெண் குழந்தைகள் உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அடிக்கடி போய்வந்ததும் இச்செவிலியர்களே.

பாட்டிகளோடு உறவு

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம். அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் எதைக் கொடுப்பது என்பதைப் பாட்டிதான் முடிவு செய்வார். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பிறந்த குழந்தையின் நாவில் சேனை வைப்பது, பத்தியம் என்று பச்சைத் தாய்க்குச் சோற்றைக் குறைப்பது ஆகியவற்றைச் செவிலியர் அதட்டி நிறுத்தவில்லை. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே மாற்றினார். “அத்தை, இந்த மொதப் பாலுதான் புள்ளைக்கு மொதத் தடுப்பூசி” என்ற மாதிரியான பேச்சு அந்தத் திண்ணைகளில் பலித்தது. அவரும் அதே மண்ணில் வளர்ந்தவர் என்பதால்தான் பாட்டிகள் காதுகொடுத்தார்கள்.

பணியில் இருந்த காலத்தில் சொந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாத நேரத்தை ஓய்வுக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பது இவர்களில் பலரின் வாழ்க்கையில் காணும் நிறைவு. பழைய சொல்லுக்கும் புதிய மருத்துவத்துக்கும் நடுவே நின்ற ஒரு பெண் பாட்டியாகும்போது அந்த வீட்டுக்குக் கிடைக்கும் பலம் பெரிது.

கதீஜா பீவி

விழுப்புரம் மாவட்டத்துக் கதீஜா பீவி 33 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி 2023இல் ஓய்வு பெற்றார். அவருடைய தாயும் கிராமச் செவிலியர். 1990இல் பணியில் சேர்ந்தபோது கதீஜாவே ஏழு மாதக் கர்ப்பிணி. சுமார் 10,000 பிரசவங்களுக்குத் துணைநின்ற அவர், தம் பொறுப்பில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை என்பதற்காக அரசின் பாராட்டைப் பெற்றார். சிக்கலான பிரசவங்களை உரிய நேரத்தில் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பியதும் அவரது திறமையில் அடக்கம். வேலை மிகுந்த தொடக்க ஆண்டுகளில் தம் பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

பெருங்குடியில் மாறிய களம்

செவிலியரின் களம் நகரத்தில் எப்படி மாறியது என்பதற்குப் பெருங்குடி ஓர் எடுத்துக்காட்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இவ்வூர், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. 2011இல் சென்னை மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தபோது அதனுடன் இணைந்து, 14ஆவது மண்டலத்தின் பெயரானது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கில் நகரில் ஒரு செவிலியருக்குச் சுமார் 10,000 பேர். கிராமத்தைப் போல இரு மடங்கு. ராஜீவ் காந்தி சாலையின் ஐ.டி. நிறுவன ஊழியர்கள், கட்டுமானத் தொழிலாளர்கள் என்று வாடகை வீடுகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் ஒரு கர்ப்பிணியைத் தொடர்ந்து கவனிப்பது எளிதல்ல. மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரப்பிள்ளையை வளர்க்க ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டிகளும் இங்கே நிறைய. தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து நாள் தவறாமல் குழந்தையைத் தூக்கிவரும் அவர்களே நகரச் செவிலியருக்குக் கைகொடுப்பவர்கள்.

மதிப்பீடு

மாதிரிப் பதிவு முறையின் கணக்குப்படி, 1990இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 59 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அது 13 ஆனது. லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு 2018–20இல் 54; அப்போதைய இந்தியச் சராசரி 97. சாலைகள், பெண்கல்வி, 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் எனக் காரணங்கள் பல. ஆனால் இவை எல்லாவற்றையும் கர்ப்பிணியின் வாசலோடு இணைத்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். மருத்துவமனை கட்டியவர்களுக்குக் கல்வெட்டு உண்டு. இவர்கள் கைப்பட எழுதிய பதிவேடுகளோ கணினி வந்ததும் தேவையற்றவை ஆகிவிட்டன. ஓய்வு பெற்றவர்களின் நினைவுகளை ஊர்வாரியாகக் கேட்டுப் பதிவு செய்வதும், மிஞ்சிய பதிவேடுகளை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் சேர்ப்பதும் தமிழ்நாட்டுச் சுகாதார வரலாறு எழுதப்படுவதற்கு முன் நடந்தாக வேண்டிய வேலைகள்.