கதிர் என்னும் சொல்லின் பொருட்பரப்பு: ஆரணித் தறிவழி ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் ஒளிக்கற்றையைக் குறிக்கும் ‘பீம்’ என்னும் சொல், வீட்டின் உத்தரத்தையும் தறியில் பாவு சுற்றும் உருளையையும் குறிக்கும். அதன் இனச்சொல்லாகிய ஜெர்மானிய ‘பௌம்’ இன்றும் மரத்தையே சுட்டுதலால், மரமே அதன் ஆதிப்பொருள் என்பது மொழிநூலார் துணிபு. ‘ரே’ என்னும் மற்றொரு சொல்லுக்கு மூலமாகிய இலத்தீன் ‘ராதியுஸ்’, கோல், ஆரக்கால், நெசவாளரின் நாடா, ஒளிக்கிரணம் என்னும் நான்கையும் குறித்து வழங்கிற்று. தமிழில் இவற்றோடு ஒப்பவைக்கத்தக்க கதிர் என்னும் சொல்லுக்கு ஒளியையே முதற்பொருளாக்கி, ஏனையவற்றை உவமையால் வந்த ஆகுபெயர்களாகக் கொள்வது எளிது. ஆயினும் அது பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம்.

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி, பட்டுக்கும் அரிசிக்கும் ஒருங்கே பெயர்பெற்ற ஊராதலின், இவ்வாராய்ச்சிக்கு உகந்த களமாகிறது. ஊடைநூல் ஏற்றும் குழலாகிய தாரைச் சுற்றும் ராட்டையைக் கிட்ட அமர்ந்து நோக்குவோர்க்கு விஷயம் பிரத்தியட்சமாக விளங்கும். பெரிய சக்கரத்தைக் கை ஒருமுறை சுற்ற, மால்கயிற்றால் அதனோடு பிணைப்புண்ட மெல்லிய இரும்புக்கோல் பலமுறை சுழல்கிறது. அதன் நுனியிற் செருகிய தாரில் ஊடைப் பட்டு ஏறி, அடியிற் பருத்து, முனையில் ஒடுங்குகிறது. அக்கோலுக்குப் பெயர் கதிர். அது ஒளிவிடுதலால் அப்பெயர் பெற்றதன்று. பழகித் துருவேறிய கதிரும் கதிரே. நெடிதாய், நுனி கூர்ந்து, புறத்தே நீண்டு நிற்றல் ஒன்றே அங்கே பெயருக்கு நிமித்தம்.

ஊரைச் சூழ்ந்த கழனிகளிலும் அஃதே. பொதிகட்டிய பயிரின் தாளுறையைப் பிளந்துகொண்டு நுனி வெளிப்படும்போதுதான் உழவர் ‘கதிர் வாங்கிவிட்டது’ என்பர். அப்பொழுது அது பச்சை நிறத்தது, முற்றிப் பொன்னிறம் பெறுதற்கு இன்னும் நாள் செல்லும். நெல்லின் பொன்னிறமே பெயர்க்குக் காரணமென்பார் இதற்கு என் சொல்வாரோ!

கதிர்த்தல் என்னும் வினைக்கு ஒளிர்தல் என்னும் அர்த்தம் உண்டே எனின், அவ்வினைக்கே வெளிப்படுதல், மிகுதல் என்னும் அர்த்தங்களும் உள என்பதை மறத்தலாகாது. சங்கச் செய்யுட்களில் ஞாயிற்றின் கதிரும் நெல்லின் கதிரும் ஒருங்கே பயில்வதால், கால முறைமை கொண்டு முன்பின் நிறுவுதல் இயலாது. பொருளின் இயல்பு கொண்டே நிறுவவேண்டும். கையாற் பற்றக்கூடிய கூரிய வஸ்துவினின்று, கண்ணுக்கு மட்டும் புலனாகும் கிரணத்திற்குப் பெயர் சென்றது என்பதே இயல்பான கிரமம். தமிழோடு தொடர்பிலாத இலத்தீனும் இவ்வாறே சென்றிருத்தல் இதற்கு அரண் செய்கிறது.

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிருக்கு நம்மவர் ‘ஊடுகதிர்’ என்றும் பெயரிட்டனர். பாவினூடே செல்வதை ஊடை என்னும் நெசவாளர்க்கு அத்தொடரின் இரு பகுதியும் தறிவீட்டுச் சொற்களாகவே ஒலிக்கும். பெயரிட்டோர் அதனைக் கருதினார்களோ இல்லையோ, ஆக்கம் நன்று.

ராட்டையின் இடத்தை மோட்டார் கவர்ந்துவருதலால், இச்சொல்வழக்கும் மறைந்துபோகக்கூடும். அகராதி தொகுப்போர், கதிர் என்னும் சொல்லின்கீழ்த் தறிவீட்டுப் பொருளை ஈற்றில் ஒதுக்காது, கூர்நுனிக் கோலை முதலாவதாகவும் நெற்கதிரை அடுத்தும் வைத்து, ஒளியை அவற்றின்பின் நிறுத்துவாராக. அதற்குமுன் ஆரணிக்கு ஒருமுறை சென்று, தார் சுற்றுவோரிடம் அவர்தம் கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வாராக.