எல்லையோர வாடகைக் குடிகள்: பூவம் வட்டாரத்தில் வீடும் முகவரியும்

காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லையில், நண்டலாற்றை ஒட்டி இருக்கும் ஊர் பூவம். வடக்கே மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியும் பொறையாறும் தமிழ்நாட்டுக்கு உரியவை. தெற்கே இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். வெளியூர்க்காரர் மனத்தில் இந்த எல்லை மலிவுக்குப் பெயர்போனது. பெட்ரோல் விலை குறைவு, மது விலை குறைவு என்று எல்லையைத் தாண்டி வருபவர்கள் உண்டு. ஆனால் இங்கே கூலி வேலை செய்து வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்த மலிவால் ஆவது ஒன்றுமில்லை. அதன் செலவுகளில் தள்ளிப்போட முடியாதது வீட்டு வாடகை. எல்லை அதைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்கிறது.

வாடகை வீட்டுச் சிக்கலைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் உரியதாகவே எழுதிப் பழகிவிட்டோம். பூவம் போன்ற ஊரில் அது வேறு வடிவம் எடுக்கிறது. நெல்வயலும் மீனவர் குப்பமும் உள்ள ஒரு வட்டாரத்தில் வாடகை ஏறுவதற்கு வீடுகளின் பற்றாக்குறை ஒரு காரணம்தான், முழுக் காரணம் அன்று. எல்லைக்குத் தெற்கே எடுக்கும் வாடகை வீடு கூரையை மட்டும் தருவதில்லை. புதுச்சேரி முகவரியையும் தருகிறது. குடியிருப்பவர் மாதந்தோறும் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த முகவரிக்கான விலை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த விலையைக் கொடுப்பவர் கையில் முகவரிக்கான ஆவணம் பெரும்பாலும் இல்லை என்பது அதன் மறுபாதி.

முதலில் எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 11 விழுக்காட்டினர் வாடகை வீடுகளில் வாழ்ந்தனர். நகரங்களில் அது 27.5 விழுக்காடு, கிராமங்களில் 3.4 மட்டுமே. இந்தச் சிறிய எண்ணை வைத்து, கிராமத்தில் வாடகைப் பிரச்சினையே இல்லை என்று கொள்கை வகுப்போர் முடிவுகட்டிவிடுகிறார்கள். காரைக்கால் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே அந்தக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2 லட்சம். அதில் 86,838 பேர் காரைக்கால் நகராட்சியில் இருந்தனர். மற்றவர்கள் திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளில். கொம்யூன் என்பது நிர்வாகக் கணக்கில் கிராமம். ஆனால் பூவத்தை அடுத்த திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இயங்குகிறது. ஊர் கிராமக் கணக்கில், வாடகைச் சந்தை நகரத்தின் போக்கில் என்ற இந்த முரண் கணக்கெடுப்பின் அட்டவணைகளுக்குள் அடங்குவதில்லை.

காரைக்காலைக் கல்வி நகரமாக்கும் முயற்சி கடந்த நாற்பது ஆண்டுகளில் படிப்படியாக நடந்தது. 1987இல் வேளாண் கல்லூரி, 2010இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம், 2016இல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி. இவற்றோடு ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம், 2009இல் வாஞ்சூரில் திறக்கப்பட்ட துறைமுகம். ஒவ்வொரு நிறுவனமும் தன் பேராசிரியருக்கும் மாணவருக்கும் ஓரளவு குடியிருப்பைத் திட்டமிட்டது. துப்புரவுப் பணியாளர், காவலாளி, விடுதிச் சமையலறை உதவியாளர், ஆய்வகத்தின் தற்காலிக ஊழியர், ஒப்பந்தச் செவிலியர் ஆகியோர் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வி திட்ட அறிக்கையில் இடம்பெறும் வகையைச் சேர்ந்ததன்று. அவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் தேடிக்கொள்வார்கள் என்பது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்பட்டது.

அங்கே அவர்கள் யாரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதைச் சம்பளப் பட்டியலே காட்டும். 5 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்கள் மத்திய அரசின் வீட்டு வாடகைப்படிக் கணக்கில் கடைசி வகுப்பு. அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியபின் அந்த வகுப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 10 விழுக்காடு கிடைக்கிறது. 1,01,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் உதவிப் பேராசிரியர் ஒருவர் வளாகத்துக்கு வெளியே தங்கினால் வாடகைக்கென்றே அவருக்கு மாதம் 10,150 ரூபாய் வரும்; ஆண்டுக்கு 1,21,800. அதே ஊரில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 2025–26இல் 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் கிடைத்தாலும் 33,600 தான். ஒருவரின் வாடகைப்படியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இன்னொருவரின் ஆண்டுக் கூலி எட்டவில்லை. வாடகைப்படி பெறுபவர்மேல் குறை சொல்வதற்கில்லை. அது அவருக்குரிய உரிமை. ஆனால் மாடியில் இரண்டு அறை கட்டும் வீட்டுக்காரர் எந்த எண்ணை மனத்தில் வைத்துக் கட்டுகிறார் என்பது இதிலிருந்து புரியும். குளியலறை இணைந்த, டைல்ஸ் பதித்த, இரு சக்கர வாகனம் நிறுத்த இடமுள்ள போர்ஷன் எழுகிறது. ஓட்டு வீட்டின் பின்கட்டை ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விடும் வழக்கம் சுருங்குகிறது.

அப்படியானால் ஆற்றைத் தாண்டிப் பொறையாற்றுப் பக்கம் போய்விடலாமே என்று கேட்கலாம். தூரம் அதிகமில்லை, வேலைக்கு வந்துபோவதும் முடியாததில்லை. எல்லையின் உண்மையான எடை இங்கேதான் தெரிகிறது.

காரைக்கால் குடும்பம் ஒன்று வடகரைக்குக் குடிபெயர்ந்தால் குடும்ப அட்டை கேள்விக்குள்ளாகிறது. புதுச்சேரியில் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை பல ஆண்டுகள் இருந்தது. 2024 அக்டோபரில் நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறந்தன. பணமானாலும் அரிசியானாலும் அது வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான சிவப்பு அட்டையையும் மற்றவர்களுக்கான மஞ்சள் அட்டையையும் பொறுத்தது. வேறு அரசு உதவி பெறாத வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைப் புதுச்சேரி 2023 ஜனவரியில் தொடங்கியது; தமிழ்நாடு அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. இரண்டுக்கும் குடும்ப அட்டையே அடிப்படை. ஒரே நாடு ஒரே அட்டை என்ற ஏற்பாட்டில் தானியத்தை எங்கும் வாங்கலாம். மாநில அரசு தரும் பணம் எல்லையைக் கடந்து வராது. ஒரு பக்கத்து அட்டையை ஒப்படைத்துவிட்டு மறுபக்கத்து அட்டைக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு அரசுகளும் இல்லை.

இதைவிடக் கனமானது பிள்ளைகளின் படிப்பு. புதுச்சேரியின் மையப்படுத்தப்பட்ட மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் நடத்தும் சேர்க்கையில் வட்டார ஒதுக்கீடு உண்டு. இடங்களில் 18 விழுக்காடு காரைக்காலுக்கு. தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பாதி இடங்கள் சொந்த மாநில மாணவர்களுக்கு. மக்கள்தொகையில் சிறிய ஒரு பிரதேசத்தில் இவை மிகப் பெரிய வாய்ப்புகள். தமிழ்நாட்டில் பல லட்சம் பேருடன் போட்டியிட வேண்டிய மாணவர், ஆற்றுக்குத் தெற்கே சில ஆயிரம் பேருடன் போட்டியிடுகிறார். ஆனால் சென்டாக் ஒதுக்கீட்டுக்குத் தொடர்ந்து ஐந்தாண்டு புதுச்சேரியில் வசித்ததற்கான சான்று வேண்டும். பத்தாம் வகுப்பில் மகள் இருக்கும் குடும்பம், வடகரையில் வாடகை எவ்வளவு குறைந்தாலும் அங்கே போகாது. வீட்டுக்காரர் ஐந்நூறு கூட்டினால் கூட்டியதைக் கொடுத்துவிட்டு இருக்கும்.

பொருளியலில் நிலத்தின் விலைக்குள் நல்ல பள்ளி, நல்ல சாலை ஆகியவற்றின் மதிப்பு வந்து படிந்துவிடும் என்பது பழைய பாடம். பூவத்தில் படிவது சாலையோ பள்ளியோ அன்று. அரசியல் எல்லை தரும் உரிமை. அந்த உரிமையை அரசு இலவசமாகத்தான் வழங்குகிறது. அதை அடையும் வாசல் வாடகை வீடாக இருக்கும்போது, வீட்டின் உரிமையாளர் அந்த வாசலுக்குக் கட்டணம் வாங்கும் நிலை தானாகவே உருவாகிறது. அவர் பேராசைக்காரராக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இனி ஆவணம். முகவரிக்கு விலை கொடுத்தவருக்கு அதைக் காட்ட ஒரு காகிதமாவது கிடைக்க வேண்டும். நடைமுறையில் வாய்ச்சொல்லில் நடக்கும் குடித்தனமே அதிகம். அட்வான்ஸ் கொடுத்ததற்குச் சீட்டு இல்லை. வாடகைக்கு ரசீது இல்லை. மின்கட்டணத்தை யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வாங்கிக்கொள்வதால் மின் இணைப்பும் அவர் பெயரில்தான். ஒப்பந்தம் எழுதும் சிலரும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்படாமல் பதினொரு மாதத்துக்கு எழுதி முடிக்கிறார்கள். ஐந்தாண்டு வசிப்பைப் பதினொரு மாதக் காகிதங்களால் நிறுவுவது எத்தனை கடினம் என்பது வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் தாய்மார்களுக்குத் தெரியும்.

சட்டம் இந்த இடத்தில் கைகொடுத்ததா என்றால், இரு கரைகளின் சட்ட வரலாறே வேறு. சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு போர்க்கால நெருக்கடியில், 1941 ஆணையோடு தொடங்கியது. அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தபின், 1969இல்தான் புதுச்சேரிக்கென்று கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு முன்மாதிரியான தமிழ்நாட்டின் 1960 சட்டத்தை அந்த மாநிலமே கைவிட்டு, 2017இல் புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தியது. புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்துகிறது. 2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரிக் குடித்தனச் சட்டம் குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. இந்த மாற்றங்களை நான் முழுமையாக வரவேற்கவில்லை. நியாய வாடகை நிர்ணயம் என்ற பழைய பாதுகாப்பு இவற்றில் மறைந்துபோனது. ஆனால் ஒப்பந்தம் பதிவானால் குடியிருப்பவருக்கு முகவரி கிடைக்கும் என்ற ஒன்றுக்காகவே, பூவம் போன்ற ஊர்களுக்கு அந்தப் பகுதி மிகத் தேவையானது.

வீட்டுவசதித் திட்டங்களோ வாடகைக்கு இருப்பவரைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பெருந்தலைவர் காமராசர் நூற்றாண்டு வீட்டுவசதித் திட்டம் ஆனாலும் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் மானியம் ஆனாலும், சொந்த மனை உள்ளவர் வீடு கட்டிக்கொள்ளவே பெரும்பாலும் உதவுகின்றன. சுனாமிக்குப் பிந்தைய மறுகட்டுமானமும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் எழுந்த வீடுகள், இழந்த வீட்டுக்கு ஈடாக வீடு என்ற கணக்கில் எழுந்தவை. பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்து எல்லாவற்றையும் இழந்தவருக்கு அந்தக் கணக்கில் காட்ட ஒரு வீடு இல்லை. 2024இல் தொடங்கிய நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வாடகைக் குடியிருப்புக்குத் தனிப்பிரிவு வைத்திருக்கிறது. அதற்கு இணையான பிரிவு கிராமப்புறத் திட்டத்தில் கிடையாது. 1961இல் இந்திய நகரங்களில் 54 விழுக்காடாக இருந்த வாடகைக் குடியிருப்பு 2011இல் 28ஆகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வறிக்கையே கவலையோடு குறிப்பிட்டது. அந்தக் கவலையும் நகரத்தோடு நின்றது.

இதே வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் வாழும் காரைக்கால் குடும்பங்கள் பல. ஊரில் கட்டிய வீடு திருமணத்துக்கும் விடுமுறைக்கும் திறக்கும்; மற்ற நாட்களில் காவலுக்கு ஒருவர் இருப்பார், அல்லது உறவினர் வந்து விளக்கேற்றிப் போவார். ஏன் வாடகைக்கு விடவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: குடியிருப்பவர் காலி செய்யாவிட்டால் கடல் கடந்து வந்து வழக்கு நடத்த முடியாது. உள்ளூர் வீட்டுக்காரர்களிலும் கணவரை இழந்து ஒரு போர்ஷன் வாடகையில் காலம் தள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அஞ்சுவதும் இதற்குத்தான். ஒப்பந்தம் எழுதினால் குடியிருப்பவருக்கு உரிமை வந்துவிடும் என்ற அச்சமும், எழுதாவிட்டால் குடியிருப்பவருக்கு முகவரியே இல்லாமல் போகும் என்ற நிலையும் ஒரே முடிச்சின் இரு முனைகள். வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்கி இதை அவிழ்க்க முடியாது.

கொம்யூன் பஞ்சாயத்து இடையில் வந்தால் முடிச்சு தளரும். வீட்டை உரிமையாளரிடமிருந்து மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குப் பஞ்சாயத்தே குத்தகைக்கு எடுத்து, உரிய நாளில் திருப்பித் தரும் பொறுப்பை ஏற்று, உள்வாடகைக்கு விடலாம். பிரான்சில் தன்னார்வ அமைப்புகளும் நகராட்சிகளும் தனியார் வீட்டை இடைநின்று ஏழைகளுக்கு வாடகைக்கு விடும் முறை வழக்கத்தில் இருக்கிறது. பாரிசில் வாழும் காரைக்கால் குடும்பங்களுக்கு அது புதிதாக இராது. அதோடு, வசிப்புச் சான்று வழங்கும் வருவாய்த் துறையானது பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றைத் தொடர்ந்த வசிப்பின் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், வீட்டுக்காரரின் கையெழுத்துக்கு இப்போதுள்ள விலை இறங்கிவிடும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே பணியாளர் தங்குமிடச் செலவை ஒப்பந்தத் தொகையில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். வைப்பு நிதிக்கும் ஊழியர் காப்பீட்டுக்கும் இன்று தனி வரிகள் இருக்கின்றன. வாடகைக்கும் ஒன்று சேர வேண்டும்.