2147483647: யூடியூபையே மாற வைத்த எண்.. 2038-ல் கம்ப்யூட்டர்களுக்கு என்ன சிக்கல்?

2014 டிசம்பர். தென்கொரிய பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாடலுக்கு யூடியூபில் வியூஸ் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-ஐ தாண்டியது. அதற்கு மேல் எண்ண பழைய கவுன்டரில் இடமே இல்லை. நல்லவேளை, இன்ஜினியர்கள் முன்கூட்டியே கவனித்து கவுன்டரை மாற்றியிருந்தார்கள்.

அதென்ன அந்த எண்ணில் மட்டும் அப்படி ஒரு தடுப்புச் சுவர்?

கம்ப்யூட்டர் எல்லா எண்களையும் 0, 1 என்ற பிட்களாகத்தான் சேமிக்கும். ஒரு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கினால், அதில் ஒன்று பிளஸ்ஸா மைனஸா என்று காட்டுவதற்கே போய்விடும். மீதி 31 இடத்திலும் 1 நிரம்பினால் வருவதுதான் 2147483647. இன்னும் ஒன்றைக் கூட்டினால், பழைய பைக் மீட்டர் 99999-க்கு பிறகு 00000 ஆவது மாதிரி சுற்றிவிடும். ஆனால் பூஜ்ஜியத்துக்கு அல்ல, நேராக மைனஸ் 214 கோடிக்கு!

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கணித மேதைகளுக்கு இந்த எண் மேல் ஒரு கண். காரணம், இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. இதை நிரூபித்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். பெர்னூலிக்கு அவர் எழுதிய கடிதம் 1772-ல் வெளியானது. அப்போது ஆய்லருக்கு பார்வை ஏறக்குறைய போய்விட்டது. நேரடியாக சோதிக்க வேண்டுமென்றால் 46,340 வரையிலான எல்லா பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படி 4,700-க்கு மேல் இருக்கின்றன. ஆனால் இதற்கு வகுஎண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வர முடியும் என்று ஆய்லர் கண்டுபிடித்தார். வேலை 372 வகுத்தல்களுக்குள் சுருங்கிவிட்டது.

பகா எண்ணாக இருப்பதற்கும் கம்ப்யூட்டர் சிக்கலுக்கும் சம்பந்தமில்லை, அது தற்செயல்தான். 64 பிட்டின் உச்ச எண் 7-ஆலேயே வகுபட்டுவிடும்.

சரி, 2038 விஷயத்துக்கு வருவோம். பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த நொடிகளாகத்தான் எண்ணுகின்றன. 32 பிட்டில் எண்ணும் கருவிகளில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7-வது நொடியில் இந்த எண் வந்துவிடும். அடுத்த நொடி? தேதி 1901 டிசம்பருக்கு பாயும்!

உங்கள் கையில் இருப்பது 64 பிட் போன் என்றால் பெரிதாக பயப்பட வேண்டாம். அந்த கணக்கு தீர 29 ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லினக்ஸிலும் 32 பிட் கருவிகளுக்கான தீர்வு 2020-லேயே வந்துவிட்டது. சிக்கல், ஒருமுறை பொருத்திவிட்டு பிறகு யாரும் தொடாத கருவிகளில்தான். தொழிற்சாலை இயந்திரங்களுக்குள் இருக்கும் குட்டி கம்ப்யூட்டர்களுக்கு யார் அப்டேட் போடுவது? அதுவும் 2038 வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருபது வருட கடனுக்கு கடைசி தவணை தேதி போடும் பழைய சாஃப்ட்வேர், இன்றைக்கே அந்த சுவரில் முட்டிக்கொள்ளும்.